வாய்க்கால் மேட்டுத் தடம்

ஆடி 20, செவ்வாய்

தீவனக் கம்பெனிக்காரன் வருஷா வருஷம் டைரி கொடுப்பான். வந்த லோடு, போன லோடு தவிர அதில் நான் எதையும் எழுதியதில்லை. இன்றைக்கு நடந்ததை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

காலையில் பருத்திக்கொட்டை மூட்டை இறங்கிக்கொண்டிருந்தபோது கடை முன்னால் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. டிரைவர் புதுசு. ராமநாதபுரம் பக்கத்துப் பையன், பேர் முனீஸ். செல்போன் காட்டிய வழியில் போயிருக்கிறான். அது ஒரு கிணற்று மேட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டதாம்.

"அண்ணே, இங்க ராசாமணி வீடு எங்கண்ணே இருக்கு?"

என் கடையில் தீவனம் வாங்குகிற ராசாமணிகளே அரை டஜன் பேர். எல்லாரும் ஊருக்குள் இல்லை. ஆளுக்கொரு தோட்டத்தில், கதவு எண்ணும் தெருவும் இல்லாத சாளை வீடுகளில் இருக்கிறார்கள்.

"என்ன ஆச்சாம்?"

"தாத்தா தென்னை மரத்துல இருந்து விழுந்துட்டாருன்னு ஒரு புள்ள அழுதுச்சாம்ணே."

நான் வண்டியில் ஏறிக்கொண்டேன். பேரன் பேத்தி எடுத்த வயசிலும் தேங்காய் போட ஆள் வைக்க மனசு வராத ராசாமணி ஒருத்தர்தான், பனங்காட்டுத் தோட்டத்துக்காரர். அங்கே வண்டி நேராகப் போகாது. பள்ளத்துக்கு முன்னாலேயே நிறுத்தி, நாயைக் கட்டச் சொல்லி, களத்து வழியாக நடக்க வேண்டும். போனோம். இடுப்பு உடைந்திருந்தது, உயிருக்கு ஒன்றுமில்லை. ஸ்ட்ரெச்சரில் தூக்கும்போது மனுஷன் என்னைப் பார்த்து, "சென்னியப்பா, மட்டை நாலு வாய்க்கால்ல கெடக்குது, அடிச்சிட்டுப் போயிரும், எடுத்துப் போடு" என்றார்.

முனீஸ் சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டான். போகும்போது என் நம்பரை வாங்கிக்கொண்டான்.

ஆடி 22, வியாழன்

தவிட்டு லோடு வந்தது. ஈரம். இறக்காமல் திருப்பி அனுப்பினேன். லோடுமேன்களுக்கு என்மேல் கோபம்.

என் வீட்டுக்காரி நாச்சம்மாளுக்கு முதுகு பிடித்திருக்கிறது. தைலம் தேய்த்துவிட்டேன்.

ஆடி 25, ஞாயிறு

முனீஸுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. மாற்று டிரைவர் ஒருத்தன் அன்றைக்கு வருவானாம். லீவு நாளில் படுத்துத் தூங்காமல் கடைக்கு வந்து, "சும்மா சுத்திக் காட்டுங்கண்ணே" என்றான். பையன்மேல் எனக்கு மரியாதை வந்தது. நானும் சைக்கிளில் புண்ணாக்கு கட்டிக்கொண்டு இந்தத் தோட்டம் தோட்டமாகச் சுற்றித்தான் ஆளானேன். தொழில் கற்றுக்கொள்ள வருகிறவனைத் தெரியும் எனக்கு.

குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். தீவனமும் இறக்கினோம், வழியும் பார்த்தோம். எந்தத் தடம் மழைக்கு ஆகாது, எந்தத் தடத்தில் கரும்பு வெட்டும் காலத்தில் டிராக்டர் மறித்து நிற்கும், எந்த வீட்டில் அண்ணன் தம்பி சண்டையில் பாதையில் முள் வெட்டிப் போட்டிருக்கிறது என்றெல்லாம் சொன்னேன். அவன் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. தடம் பிரிகிற ஒவ்வொரு பிரிவிலும் இறங்கி நின்று நாலாபக்கமும் பார்த்துவிட்டு ஏறினான். அதுதான் சரியான ஆள் செய்கிற வேலை.

கடைசியாக வாய்க்கால் மேட்டைக் காட்டினேன். டவுனிலிருந்து எங்கள் பக்கம் வர, தார் ரோடு மலையைச் சுற்றிப் பெரிய வளைவாக வருகிறது. வாய்க்கால் மேடு நேர்கோடு. ஆனால் மண் லாரி போகாமலிருக்க அதன் குறுக்கே சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கும். சாவி, வாய்க்காலைக் காவல் பார்க்கிற லஸ்கர் ராயப்பனிடம். ராயப்பன் வீட்டுக் கன்றுக்குட்டிக்கு என் கடைத் தீவனம். வீட்டுக்கே போய்ப் பேசினேன்.

"ஆம்புலன்ஸு ஆரனைக் கேட்டா சங்கிலியை எறக்கிடோணும் ராயப்பா."

"மேலதிகாரி கேட்டா என்னங்க சொல்றது?"

"என்ற பேரைச் சொல்லு. எம்மேல கேஸ் போடட்டும்."

ஒத்துக்கொண்டான். வாய்க்கால் மேட்டில் வந்தால் பாதிக்குப் பாதி நேரம் மிச்சம். திரும்பும் வழியில் எங்கள் தோட்டத்துச் சாளையில் முனீஸுக்குச் சோறு போட்டோம். நாச்சம்மாள் அவன் அம்மாவைப் பற்றி, தங்கச்சியைப் பற்றி எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். தட்டைக் கழுவப் போனவனை, "வெச்சுட்டுப் போ சாமி, இங்க ஆம்பளைக கழுவுனா மழை வராது" என்று கேலி செய்தாள்.

ஆடி 29, வியாழன்

இப்போதெல்லாம் முனீஸ் என்னைக் கூப்பிடுவது போக, ஜனங்களே நேராகக் கூப்பிடுகிறார்கள். ஆம்புலன்ஸ் நம்பருக்கு அடித்துவிட்டு அடுத்த போன் எனக்கு. நான் முனீஸுக்குச் சொல்கிறேன். ஆம்புலன்ஸ் நம்பரில் பேசுகிற பெண்ணைக் குறை சொல்ல முடியாது. சென்னையில் உட்கார்ந்துகொண்டு, கேட்க வேண்டியதையெல்லாம் பொறுமையாகத்தான் கேட்கிறாள். இவர்கள்தான் சொல்வதில்லை.

நேற்று வேங்கமேட்டு நல்லம்மாள், "மருமகளுக்குக் கொஞ்சம் வலியாட்டம் இருக்குதுங்க, வண்டி மெதுவாக்கூட வரட்டும்" என்றாள். மாடு கன்று போட முடியாமல் செத்துக்கொண்டிருந்தபோதுகூட மாட்டு டாக்டரைக் கூப்பிடக் கூச்சப்பட்ட வீடு அது. அந்த வீடு போன் எடுத்திருக்கிறது என்றால் கழுத்து வரைக்கும் தண்ணீர் வந்துவிட்டது என்று அர்த்தம். முனீஸிடம், "பறந்து போ" என்றேன். வண்டியிலேயே பிரசவம். பெண் குழந்தை.

இதில் எனக்கு லாபமும் உண்டு, மறைக்க என்ன இருக்கிறது. வேங்கமேட்டுக்காரர்கள் இதுவரைக்கும் வேறு கடையில் தீவனம் எடுத்தவர்கள். இன்றைக்கு என் கடைக்கு வந்தார்கள்.

ஆவணி 2, திங்கள்

இன்றைக்கு வாயில் நல்ல வார்த்தை வரவில்லை எனக்கு. கரட்டுத் தோட்டத்துச் சின்னராசு, அப்பனுக்கு மூச்சடைப்பு என்று ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறான். முனீஸ் போய்ச் சேர்ந்தால் வீடு பூட்டிக் கிடக்கிறது. இவர்கள் அப்பனை மோட்டார் பைக்கில் நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஒருத்தன் பிடித்துக்கொண்டு, "எதிர்ல போயிரலாம்" என்று கிளம்பிவிட்டார்கள். அதுவும் வேறு தடத்தில். வண்டி இந்தப் பக்கம், அவர்கள் அந்தப் பக்கம். நான் போன் போட்டுப் போட்டு ஒருவழியாக ரைஸ்மில் பக்கத்தில் சேர்த்துவிட்டேன். கிழவர் பிழைத்தார்.

சாயங்காலம் கடைக்கு வந்த சின்னராசுவைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன்.

"ஒரு எடத்துல குத்தவெச்சு உக்கார மாட்டயா? வண்டியில ஆக்சிஜன் இருக்குது, ஊசி இருக்குது. உன்ற பைக்குல என்னடா இருக்குது?"

"அப்பன் அப்படி இழுத்துட்டுக் கெடக்கறப்ப எப்படீங்க சும்மா உக்காந்திருக்கறது? கைகால் நடுங்குது. பொறப்பட்டாத்தான் மனசு நிக்குது."

முனீஸ், "இந்தப் பக்கம் எல்லாரும் இதே மாதிரிதாண்ணே. ஒரு கேஸாவது கெடந்த எடத்துல கெடக்காது" என்று அலுத்துக்கொண்டான்.

அவனுக்கு விளக்கினேன். எங்கள் ஜனம் அப்படித்தான். மாப்பிள்ளை வீட்டார் வந்தால் பிரிவு வரைக்கும் எதிரே போவோம். மாட்டு டாக்டர் வருகிறார் என்றால் ரோட்டுக்கே போய் நிற்போம். வருகிற ஆளை வீட்டில் உட்கார்ந்து எதிர்பார்ப்பது எங்களுக்கு மரியாதைக் குறைவு, மனசுக்கும் ஆகாது. தோட்டத்தில் தனியாக இருந்து பழகியவனுக்கு உதவி தன்னைத் தேடி வரும் என்ற நம்பிக்கை எங்கேயிருந்து வரும்?

இதைச் சொல்லும்போது பெரிய மேதாவி மாதிரி இருந்தது எனக்கு.

ஆவணி 6, வெள்ளி

லாரி வரவில்லை. நாள் பூராவும் எதிர்பார்த்துக் கிடந்தேன். நாச்சம்மாள் இன்றைக்குப் பால் கறந்துவிட்டுத் தொட்டியோரமாகவே சித்த நேரம் உட்கார்ந்துவிட்டாள். வேர்த்திருந்தது. வெயில் அதிகம்.

ஆவணி 11, புதன்

பிள்ளையார் நோம்பி. நாச்சம்மாள் கொழுக்கட்டை பாதி பிடித்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். மீதியை நான் பிடித்தேன். எதுவும் உருண்டையாக வரவில்லை.

"புள்ளையாரே பயந்துக்குவாரு" என்றாள் படுத்தபடி.

இந்த நேரத்தில் இரண்டு போன். ஒன்று பாம்புக்கடி. வழி சொல்லி முடித்துவிட்டுத் திரும்பினால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, ஊருக்கெல்லாம் தடம் சொல்றீங்க. என்னைய டவுனுக்குக் கூட்டிட்டுப் போக உங்களுக்கு ஒரு தடமும் தெரியலீங்களா?"

"முதுகு புடிப்புக்கு டவுன் டாக்டரா?"

"முதுகுதானுங்க. அப்பறம் இந்த இடது தோளு. பொறவு என்னமோ, நெஞ்சுக்குள்ள ஒரு மூட்டையைத் தூக்கி வெச்ச மாதிரி."

"புண்ணாக்கு மூட்டையா, தவிட்டு மூட்டையா?"

"புண்ணாக்குதானுங்க. கனமாத்தான் இருக்குது."

இரண்டு பேரும் சிரித்தோம். வெள்ளிக்கிழமை கூட்டிப்போகிறேன் என்றேன்.

ஆவணி 14, சனி

நேற்று லாரி வந்துவிட்டது, போக முடியவில்லை. நாளைக்கு ஞாயிறு, டாக்டர் இருக்க மாட்டார். திங்கட்கிழமை கண்டிப்பாக. சேலை எடுத்து வைத்திருக்கிறாள்.

ஆவணி 19, வியாழன்

ஞாயிற்றுக்கிழமை நாச்சம்மாள் போய்விட்டாள்.

ஆவணி 22, ஞாயிறு

மகள் கோகிலா திருப்பூரிலிருந்து வந்து தங்கியிருக்கிறாள். கடை திறக்கவில்லை. வருகிறவர்களுக்குக் காப்பி போட்டே அவள் கை ஓய்ந்துவிட்டது.

செவலை மாடு யாருக்கும் பால் விடுவதில்லை. கோகிலா உட்கார்ந்தால் உதைக்கிறது. நான் உட்கார்ந்தால் உதைக்கவில்லை. மடியை இறுக்கிக்கொண்டு சும்மா நிற்கிறது. கன்றை அவிழ்த்து விட்டுவிட்டேன். குடிக்கட்டும்.

வருகிறவர்கள் எல்லாரும், "எப்படிங்க ஆச்சு?" என்று கேட்கிறார்கள். "ஆஸ்பத்திரிக்குப் போற வழியில" என்று சொல்கிறேன். அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நல்ல ஜனங்கள்.

டாக்டர் அம்மாவிடம் நான் கேட்டேன், அன்றைக்கே. இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால்? "மாரடைப்புங்க. சொல்ல முடியாது" என்றார். சொல்ல முடியாது என்றால், சொல்ல முடியாது என்றுதான் அர்த்தம். வேறு அர்த்தம் எடுக்கக்கூடாது.

ஆவணி 25, புதன்

கடை திறந்தேன். எள்ளுப் புண்ணாக்கு தீர்ந்துவிட்டது.

போன் இரண்டு முறை அடித்தது. எடுக்கவில்லை.

ஆவணி 28, சனி

முனீஸ் வந்தான். காரியத்துக்கு வந்தபோது கூட்டத்தில் ஓரமாக நின்றுவிட்டுப் போனவன், இன்றைக்குத் தனியாக வந்தான். கோகிலா சோறு போட்டாள். பிசைந்துகொண்டே இருந்தான், வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். சொல்லாம இருக்க முடியல."

"சொல்லு."

"அன்னைக்கு எனக்கு லீவு. ஸ்டேஷன்ல துணி தொவைச்சுக்கிட்டு இருந்தேன். மாத்து டிரைவர் அட்ரஸைப் படிக்கிறான், உங்க பேரு. அவன் கையில இருந்து சாவியைப் புடுங்கி நானே ஏறிட்டேண்ணே. ஈரக் கையோட."

தண்ணீர்ச் சொம்பை அவன் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"வாய்க்கால் மேட்டுலதாண்ணே வந்தேன். ஆரன் அடிக்கிறதுக்கு முன்னாடியே ராயப்பண்ணன் சங்கிலியை எறக்கிட்டு நின்னாரு. அவ்வளவு வேகமா நான் ஒரு கேஸுக்கும் போனதில்லண்ணே. வீட்டுக்குள்ள ஓடுனா கட்டில் காலியா கெடக்கு. உங்களுக்குப் போன் அடிக்கிறேன், கட்டில்லயே மணி அடிக்குது. தலகாணிக்கு அடியில."

கோகிலா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். அவளுக்கு இது தெரியாது.

"நீங்க வழியில பாத்து நிறுத்திடுவீங்கன்னு நெனச்சுத் திரும்பவும் வாய்க்கால் மேட்டுலயே ஓட்டுனேன். அப்புறம் தார் ரோடு."

"சோத்தைச் சாப்பிடு முனீஸ்."

"நான் தார் ரோட்டுல வந்திருந்தா..."

"நான்தானே அந்தத் தடத்தைக் காட்டினேன்? நல்ல தடம். நீ அதுலதான் வரோணும். சாப்பிடு."

சாப்பிடவில்லை. தட்டைத் தானே எடுத்துப் போய்க் கழுவி வைத்தான். யாரும் கேலி செய்யவில்லை.

புரட்டாசி 3, வெள்ளி

கோகிலா திருப்பூருக்குத் திரும்பிவிட்டாள். கடையை விற்றுவிட்டுக் கூடவே வரச் சொல்கிறாள். முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. வேறெங்கேயோ பார்த்துக்கொண்டு சொல்கிறாள். நான் எதையும் சொல்லாமல் விட்டதால் வந்த கோபம். நியாயம்தான்.

முனீஸுக்கும் சொல்லிவிட்டேன், இனிமேல் வழி வேண்டுமானால் ராயப்பனைக் கேள் என்று. "அவருக்கு வாய்க்கால் ஓரத்து வீடு மட்டுந்தாண்ணே தெரியும்" என்றான். நான் போனை வைத்துவிட்டேன்.

கடையில் ஆள் இல்லாத நேரம் இது. எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் கணக்கு எழுதும்போதெல்லாம் குறுக்கே வருகிறது.

அன்றைக்குச் சாயங்காலப் பால் கறக்கும் நேரம். தொட்டியோரம் சரிந்து கிடந்தாள். தூக்கிவந்து கட்டிலில் போட்டேன். ஆம்புலன்ஸ் நம்பருக்கு அடித்தேன். அந்தப் பெண், "அவங்களை அசைக்காதீங்க, வண்டி வந்துக்கிட்டு இருக்கு, நீங்க அங்கயே இருங்க" என்றாள். இருந்தேன். எவ்வளவு நேரம் இருந்தேன் என்று கேட்டால், ரொம்ப நேரம் என்பேன். முனீஸ் வந்து சேர்ந்த கணக்கைப் பார்த்தால் ரொம்ப நேரமே இல்லை.

அப்போது நான் யோசித்தது இதுதான். இன்றைக்கு ஞாயிறு, முனீஸுக்கு லீவு. மாற்று டிரைவர் வெளியூர்க்காரன், அவனுக்குத் தார் ரோடு தவிர ஒன்றும் தெரியாது. மலையைச் சுற்றி வந்து, பிரிவில் குழம்பி, எப்போது வந்து சேருவான்? நான் தார் ரோட்டிலேயே எதிரே போனால் பாதி வழியில் கையில் கொடுத்துவிடலாம். நல்ல யோசனைதான். வியாபாரத்தில் இப்படி யோசித்து நான் தோற்றதே இல்லை.

அவளை எடுத்துக் குட்டியானையில் முன் சீட்டில் சாய்த்தேன். போன் தலையணைக்கு அடியில் போய்விட்டதைப் பார்க்கவில்லை. தார் ரோட்டில் ஒவ்வொரு வளைவிலும் வேகத்தைக் குறைத்தேன், எதிரே விளக்குத் தெரிகிறதா என்று. அடுத்த வளைவில் வந்துவிடும், அடுத்த வளைவில் வந்துவிடும் என்று. மலை முடிந்து டவுன் விளக்குகள் தெரிந்த பிறகும் வேகத்தைக் குறைத்துக்கொண்டுதான் போனேன்.

இவ்வளவுதான்.

புரட்டாசி 6, திங்கள்

செவலை இன்றைக்குக் கொஞ்சம் பால் விட்டது. அரைச் சொம்பு இருக்கும். காய்ச்ச ஆள் இல்லை, தயிருக்குப் புரைகூட ஊற்றவில்லை, பூனை குடித்தது.

புரட்டாசி 9, வியாழன்

மத்தியானம் போன் அடித்தது. எடுக்கக்கூடாது என்றுதான் இருந்தேன். பேரைப் பார்த்தேன்: ஊஞ்சக்காட்டுக் குமரேசன், தெய்வானையின் புருஷன். தீவனம் கேட்பவன் என்றால் காலையிலேயே கூப்பிடுவான். இந்த நேரத்தில் கூப்பிடுகிறவன் இல்லை.

"மாமா, தெய்வானைக்கு மூச்சு வாங்குது மாமா. நெஞ்சைப் புடிச்சிட்டு உக்காந்துட்டா. ஆம்புலன்ஸுக்கு அடிச்சிட்டேன், வருதாம். காரு இருக்குது, சாவி கையில இருக்குது, நாங்க எதிர்ல வந்தர்றோம். எந்தத் தடத்துல வரட்டும், அதை மட்டும் சொல்லுங்க."

"சாவியைக் கெணத்துல போடு."

"மாமா?"

"சாவியைப் போடுன்னேன். கட்டில்ல சாய்ச்சு உக்கார வெச்சியா?"

"வெச்சிருக்கறனுங்க."

"எடத்தை விட்டு அசைக்காத. நீயும் அசையாத. அவ கையைப் புடிச்சுட்டு உக்காரு. போனை வெக்காத, சார்ஜு தீர்ந்தாலும் சரி. வண்டியை நான் கொண்டாறேன்."

குட்டியானையை எடுத்தேன். ஒரு கையில் ஸ்டீரிங், காதோரம் குமரேசன். முனீஸ் வாய்க்கால் மேட்டில்தான் வருவான். ராயப்பனோ மேல்மதகுக்குப் போயிருப்பான், வியாழக்கிழமை முறைத் தண்ணீர் திருப்புகிற நாள். சங்கிலியை இறக்க ஆள் இருக்காது. அவன் வீட்டுக்காரியிடம் சாவியை வாங்கிக்கொண்டு வாய்க்கால் மேட்டுக்குப் போனேன். பூட்டைத் திறந்து சங்கிலியைக் கீழே போட்டு அதன் பக்கத்தில் நின்றேன்.

"மாமா, இன்னும் காணமே. வேர்த்துக் கொட்டுது இவளுக்கு. இங்க சும்மா உக்காந்திருக்க முடியல மாமா. நான் தூக்கிட்டு ரோட்டுக்காவது..."

"முடியாது மாப்ள. தெரியும். உக்காரு."

"உங்களுக்கு என்ன தெரியும்!" என்று கத்தினான். பிறகு சத்தமில்லை. யாரிடம் அப்படிக் கேட்டோம் என்பது அவனுக்கு உறைத்துவிட்டது போல.

வாய்க்காலில் தண்ணீர் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. தூரத்தில் இன்னும் ஒன்றும் தெரியவில்லை. அவனை உட்காரவைக்க ஏதாவது சொல்ல வேண்டும். மனசில் வந்தது நாச்சம்மாள் சொன்னது மட்டுந்தான். அன்றைக்கு நான் கட்டிலிலிருந்து தூக்கும்போது என் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், "வண்டி வரட்டுங்க. அது வரைக்கும் நான் இருந்துக்கறேனுங்க." இதை நான் முந்தி எழுதவில்லை.

"குமரேசா, தெய்வானைகிட்டக் கேளு. வண்டி வர்ற வரைக்கும் இருந்துக்கறயான்னு கேளு."

கேட்டான். அவள் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை.

"என்ன சொன்னா?"

"தலையை ஆட்டறா மாமா."

"அப்ப அவ இருந்துக்குவா. நீ இரு."

சைரன் கேட்டது. முனீஸ் என்னைப் பார்த்தான், வேகத்தைக் குறைக்கவில்லை. கையை மட்டும் வெளியே நீட்டினான். சங்கிலிமேல் ஏறி இறங்கிப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனான். போனில், குமரேசன் வீட்டு நாய் குரைக்கும் வரைக்கும், கதவு திறக்கும் வரைக்கும், முனீஸ் "அக்கா, ஒண்ணுமில்லக்கா, மூச்சை மெதுவா விடுங்க" என்று சொல்லும் வரைக்கும் கேட்டுக்கொண்டு நின்றேன். பிறகு போனைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினேன்.

சங்கிலியைத் திரும்ப மாட்ட முடியவில்லை. கொக்கி ஓட்டைக்குள் போகவில்லை. ராயப்பன் வந்துதான் மாட்டினான். "உக்காருங்க சித்த நேரம்" என்றான்.

புரட்டாசி 18, சனி

தெய்வானை ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டாள். தவிடு இறக்க ஊஞ்சக்காட்டுக்குப் போனேன். குமரேசன் மூட்டையைத் தோளில் வாங்கிக்கொண்டே, "அன்னைக்கு உக்காந்திருந்தேன் பாருங்க மாமா, அது மாதிரி ஒரு வேலை நான் என்ற ஆயுசுல செஞ்சதில்ல" என்றான்.

ஆமாம் என்றேன்.

தெய்வானை கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். டாக்டர் நடக்கக் கூடாது என்றிருக்கிறாராம். இருந்தும் எழுந்து போய் எனக்கு மோர் கொண்டுவந்தாள். அவள் உள்ளே போனதும் வந்ததும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பொம்பளை சமையலறைக்குப் போய்த் திரும்பி வருகிறாள், அவ்வளவுதான்.

மோரைக் குடிக்க முடியவில்லை. நேரமாகிவிட்டது என்று சொல்லி வெளியே வந்து, தார் ரோட்டில் போகாமல் வாய்க்கால் மேட்டு வழியாகவே வீட்டுக்கு வந்தேன். சீக்கிரம் வந்துவிட்டது.